உச்சி சாரும் ஒரு சம்படம் தட்டையும்

உலகத்தில் மலை ஏறியவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டப் பயந்துகொண்டே, ஒரு முழு நாட்டின் உச்சியைத் தன் பொறுப்பில் வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். திருச்சி ஜங்ஷன் பக்கம், ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த டிராவல்ஸில் அவர் விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்த நாற்காலியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அடுத்த நாற்காலி என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எல்லோரும் அவரை உச்சி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு மலைக்கோட்டைப் பக்கம் போய்விடாதீர்கள். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். மலைக்கோட்டை அடிவாரத்தில் வற்றல் மிளகாய் வாங்கியிருக்கிறார், மேலே ஒரு படிகூட ஏறியதில்லை. சொந்த வீட்டு மொட்டை மாடி எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். காவிரிப் பாலம் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். அந்தப் பக்கம் போனதும் கண்டக்டர் தோளில் தட்டி, "ஓடத்துறை தாண்டியாச்சு சார், திறந்துக்கலாம்" என்பார்.

உயரம்தான் ஆகாதே தவிர, தரையில் அவரைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. டிக்கெட் கேட்டு வந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார். சார் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னலுக்குப் போவார், அங்கிருந்து தண்ணீர்ப் பானைக்கு, பானையிலிருந்து காலண்டருக்கு. வந்தவரின் தலையும் கூடவே போய்விட்டு வரும். எங்கள் முதலாளி ஹாஜியார் பொறுமைசாலி. அவரே ஒருநாள் பொறுக்க முடியாமல், "சாமி, ஒரு நிமிஷம் உக்காருங்க. வர்றவங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்குது" என்றார்.

"இதோ உக்காந்துட்டேன் ஹாஜியார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஆள் வாசலில் நிற்கிறார்.

இந்த மனிதருக்குப் பைத்தியம் பிடித்தது ஒரு வெள்ளைக்காரரால். டிக்கெட் தேதி மாற்ற வந்தவர், போனை நீட்டி, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் இந்த இடம் எங்கே என்று கேட்டார். நம்ம ஊர்தானே என்று சார் கூடவே போனார். ஒரு பழைய மைல்கல்லின் இடுக்கில் கையை விட்டு, கட்டைவிரல் பருமன் டப்பி ஒன்றை வெள்ளைக்காரர் உருவினார். உள்ளே சுருட்டி வைத்த காகிதம். அதில் ஏழெட்டு நாட்டுக்காரர்களின் கையெழுத்து. தானும் ஒன்று போட்டு, டப்பியை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சார் ஆபீசில் பதினோரு மணிக்குள் நாற்பது சுற்று சுற்றினார். "நாப்பது வருஷமா அந்தக் கல்லுலதாம்மா செருப்பைத் தட்டி மண்ணை உதறறேன். உள்ள இவ்வளவு பேர் இருக்கான்னு ஒருத்தரும் சொல்லலையே!"

விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேச்சிங். யாராவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிப்போய் எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட வேண்டும். பரிசு எல்லாம் ஒன்றும் கிடையாது. இதில் நாடு நாடாகப் போய், ஒவ்வொரு நாட்டிலும் மிக உயரமான சிகரத்தில் இருக்கும் டப்பாவைத் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் உலகத்தில் அலைகிறது. உயரத்தைக் கண்டால் கண்ணை மூடும் சார், சரியாக அந்தக் கூட்டத்தின் காலடியில் போய் விழுந்தார்.

ஆபீஸ் நேரத்தில் அவர்கள் எழுதும் குறிப்புகளைத்தான் படிப்பார். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் ஐந்து நாள் பனியில் ஏறி, உச்சியில் டப்பாவைக் கண்டுபிடித்துத் திறந்தால், உள்ளே இருந்த பேனா எழுதவில்லையாம். சாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஒரு பென்சில் வச்சிருக்கக் கூடாதா? குளிர்ல மை உறையும்னு தெரிய வேண்டாமா?" என்று கத்தார் போகிறவரிடமும் கேட்டார், துபாய் போகிறவரிடமும் கேட்டார்.

"பயம்னா தள்ளித்தானே சார் இருப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமா இருக்கறதைத்தாம்மா மனசு சுத்திச் சுத்தி வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் போனார்.

படிப்பதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஒரு நாட்டின் உச்சியில் தன் டப்பா ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. மலை ஏற முடியாது. அதனால் என்ன? தினம் முப்பது பேர் அவர் எதிரில் வந்து உட்கார்ந்து வெளிநாடு போகிறார்கள். அன்று முதல் எங்கள் கவுன்ட்டரில் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு நேர்காணல் நடந்தது.

"கால் எப்படி இருக்கு? மூட்டு வலி உண்டா? குதிகால்? நாலு மாடி ஏறினா மூச்சு வாங்குமா?"

பாலக்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா பயந்துபோய் என்னிடம் வந்தார். "ஏங்க, இப்ப டிக்கெட்டுக்கே மெடிக்கல் கேக்குறாங்களா?"

முதலில் தேறியவர் உறையூர்க்காரர். மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகிறவர், காலையில் ஐந்து மைல் நடக்கிற ஆள். அவரிடம் சார் ஒரு எவர்சில்வர் சம்படத்தைக் கொடுத்தார். உள்ளே நோட்டு, இரண்டு பென்சில். சம்படம் மாமியுடையது. மாமி என்றால் சாரின் மனைவி. ஆறு சம்படம் கொண்ட செட்டில் அது மூன்றாவது, மூடியில் மாமியின் பெயர் வெட்டியிருந்தது. புக்கிட் தீமா என்பது சிங்கப்பூரின் மிக உயரமான குன்று. உறையூர்க்காரர் அங்கே ஏறி, கல்லுக்குப் பின்னால் வைப்பதற்காகச் சம்படத்தைப் பையிலிருந்து எடுத்திருக்கிறார். எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து நிதானமாக மூடியைத் திறந்து, நோட்டைக் கீழே போட்டுவிட்டு, மொறுமொறுவென்று எதையோ தின்ன ஆரம்பித்தது.

போனில் உறையூர்க்காரர் அலறினார். சார் கேட்ட ஒரே கேள்வி: "குரங்கு இப்ப எந்த தீர்க்கரேகையில இருக்கு?"

அது தின்றது மாமி செய்த தட்டை. அன்று மாலை ஸ்ரீரங்கத்தில் விசாரணை நடந்தது. மாமி கொஞ்சமும் அசரவில்லை என்று சாரே சொன்னார். "வெறும் பாத்திரத்தை யாராவது குடுத்தனுப்புவாளா? திறக்கறவா நம்மளப் பத்தி என்ன நெனச்சுப்பா?"

"டப்பாக்குள்ள திங்கற வஸ்து வைக்கப்படாதுன்னு ரூல் இருக்கு. எறும்பு வரும், குரங்கு வரும்!"

"வந்தா வரட்டுமே. அதுக்கும் பசிக்காதா?"

அடுத்தது மாலத்தீவு. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு சமையல்காரர் அங்கே வேலைக்குப் போனார். ஒரு வாரம் தேடிவிட்டுப் போன் செய்தார். "சார், உச்சியிலதான் நிக்கிறேன்னு மேப்பு சொல்லுது. ஆனா நாட்டை விட நான் முட்டியளவுதான் சார் உசரமா இருக்கேன்." சாருக்கு அந்த உச்சி மிகவும் பிடித்துவிட்டது. தானே போய் நிற்கக்கூடிய ஒரே சிகரம் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் இந்த விளையாட்டில் டப்பாவைப் பதிவு செய்யத் தன்னார்வலர் ஒருவர் அனுமதி தர வேண்டும். டப்பாவை யார் அடிக்கடி பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்டார். சார் சமையல்காரரின் பெயரை எழுதி அனுப்புவதற்குள், ஒப்பந்தம் முடிந்து அவர் மண்ணச்சநல்லூருக்கே திரும்பி வந்து எங்கள் கவுன்ட்டரில் நின்றார். மாமியின் நான்காவது சம்படம் அவர் கையில் இருந்தது.

அப்போதுதான் முருகேசன் வந்தார். துறையூர்க்காரர், முப்பது வயதிருக்கும். பஹ்ரைனில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், விடுமுறை முடிந்து திரும்பப் போக டிக்கெட் கேட்டார்.

"கால் எப்படி இருக்கு?" என்றார் சார்.

"பச்சைமலை அடிவாரத்துல பொறந்தவன் சார். கால் ஒண்ணுதான் உருப்படியா இருக்கு."

சார் நடப்பதை நிறுத்தினார். நான் பார்க்க அது முதல் தடவை. போனில் பஹ்ரைன் வரைபடத்தைத் திறந்து, நடுவில் ஒரு புள்ளியைக் காட்டினார். "இந்த மலை தெரியுமா?"

முருகேசன் உற்றுப் பார்த்தார். "தினம் இந்த வழியாத்தான் சார் தண்ணி ஏத்திட்டுப் போறேன். அது மலைன்னே எனக்குத் தெரியாது."

உண்மைதான். படத்தில் பார்த்தால், அதை மலை என்று சொன்னால் நம்ம பொன்மலை கோபித்துக்கொள்ளும். ஆனாலும் அந்த நாட்டுக்கு அதுதான் உச்சி. சார் அன்று மதியமே எங்கள் கம்பெனி லெட்டர் பேடில் ஒரு நியமன உத்தரவு தட்டினார். 'துறையூர் திரு. முருகேசன் அவர்கள் இன்று முதல் பஹ்ரைன் உச்சிப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். வாரம் ஒருமுறை டப்பாவைப் பார்த்து, படம் எடுத்து அனுப்புவது அன்னாரின் கடமை.' ஹாஜியாரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "பஹ்ரைனுக்கு ஆள் போடற அதிகாரம் நமக்கு எப்ப சாமி வந்துச்சு?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையும் குத்தினார். முருகேசன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் பஹ்ரைன் டப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. அன்று ஆபீசில் எல்லோருக்கும் ஜாங்கிரி. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் முருகேசனிடமிருந்து படம் வரும். பாறை இடுக்கு, மாமியின் சம்படம், பக்கத்தில் கட்டைவிரல். சார் அதைப் பிரின்ட் எடுத்துக் கடவுள் படங்களுக்கு அடுத்து ஒட்டினார். இணையத்திலும் யார் யாரோ வந்து போன குறிப்பு விழுந்தது. அதில் ஒரு ஜெர்மன்காரர் எழுதியதை சார் எனக்குத் தமிழில் சொன்னார்: "டப்பாவுக்குள் வட்டமான, காரமான, இன்னதென்று தெரியாத பொருள் இருந்தது. தின்றோம். உயிரோடு இருக்கிறோம். நன்றி."

"வேற யாரோட டப்பாவுக்கோ எழுத வேண்டியதை இங்க எழுதிட்டான் பாவம்" என்றார் சார்.

நான் காலண்டரைப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வட்டமான பொருளை அனுப்பியது நான்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பஹ்ரைன் டப்பா கிளம்பிய மறுவாரம் மாமி எனக்குப் போன் செய்தார். சார் பதினோரு மணிக்குக் காபிக்குப் போனதும், அடுத்த ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை. "அந்தப் பிள்ளை வாராவாரம் வெயில்ல அவ்வளவு தூரம் ஏறிப் போய்ப் பாக்கறான். வெறும் டப்பாவையா பாக்கறது? நீயே சொல்லுடிம்மா" என்றார்.

நான் பையை வாங்கிக்கொண்டேன். ரூல் சார் பக்கம், நியாயம் மாமி பக்கம். அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவை மஞ்சள் பை வந்தது. பஹ்ரைன் போகிறவர் யாராவது இருந்தால் முருகேசன் நம்பரை எழுதிக் கொடுத்துத் தட்டையை ஒப்படைப்பேன். ஊறுகாய் பாட்டில் என்றால் எடை பார்க்கிற பயணிகள்கூடத் தட்டை என்றால் முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார்கள். வழியில் நாலு தின்றுவிட்டால் யார் எண்ணப்போகிறார்கள்?

ஏழு மாதம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை, வந்ததும் வராததுமாக சார் கத்தினார். இணையத்தில் யாரோ புகார் எழுதியிருந்தார்கள்: டப்பாவில் உணவுப் பொருள், சுற்றிலும் எறும்பு. தன்னார்வலர் டப்பாவை நிறுத்தி வைத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் சுத்தம் செய்து சொல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவாராம்.

சார் முருகேசனுக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். அப்போதுதான் உறைத்தது, போன வெள்ளிக்கிழமையும் படம் வரவில்லை, அதற்கு முந்தின வெள்ளியும் வரவில்லை. துறையூரில் வீட்டுக்குப் போன் செய்தால், யாரோ போனைத் திருடிவிட்டார்களாம், மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்று அறைத்தோழர் ஒருவர் போனிலிருந்து பையன் சொன்னானாம். அந்த நம்பரைக் கூப்பிட்டால், "நல்லா இருக்காரு சார்" என்பதோடு துண்டித்துவிட்டார்கள்.

அடுத்த பத்து நாள் சார் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். ஆபீசுக்குள் இடம் போதாமல் ஜங்ஷன் வரை போய்விட்டு வந்தார். ஒரு மலேசியா டிக்கெட்டை மஸ்கட்டுக்குப் போட்டுவிட்டு ரத்து செய்தார். "வாழ்நாள்ல ஒரு உச்சிம்மா. ஒண்ணே ஒண்ணு. அதுவும் போயிடுமா?" என்று என் மேஜை முன்னால் வந்து நின்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைக் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் அவர் ஹாஜியார் முன்னால் போய் நின்றார். "நானே போறேன்."

தரை பெருக்கும் கமலாக்கா கையில் துடைப்பம் அப்படியே நின்றது. இருபத்தெட்டு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் போட்ட மனிதர் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. இரண்டு முறை புதுப்பித்த பாஸ்போர்ட்டில் ஒரு நாட்டு முத்திரைகூட இல்லை.

ஹாஜியார் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தார். "டிக்கெட் நம்ம கம்பெனி கணக்கு. போய்ட்டு வாங்க சாமி, அல்லாஹ் துணையிருப்பான். ஆனா ஒண்ணு, அந்தக் கேள்வியெல்லாம் நீங்களும் பதில் சொல்லணும்."

சார் நேர்மையான ஆள். தன் டிக்கெட்டைத் தானே அடித்தபோது வாய்விட்டுக் கேட்டுக்கொண்டார். "கால் எப்படி இருக்கு? நடுங்கறது. மூச்சு? இப்பவே வாங்கறது." பிறகு பிரின்ட் பொத்தானை அழுத்தினார்.

விமான நிலையத்தின் புது டெர்மினலுக்கு மாமியும் நானும் வழியனுப்பப் போனோம். வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே எஸ்கலேட்டர் முன்னால் சார் ஐந்து நிமிடம் நின்றார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் விலகி ஏறிப்போனார்கள். கடைசியில் ஒரு பணிப்பெண் லிஃப்டுக்கு அழைத்துப்போனார். போகுமுன் மாமி ஒரு பெரிய பையை நீட்டியிருந்தார். "அங்க இருக்கற பிள்ளைகளுக்குத் தட்டை. கையில குடுங்கோ."

"கையில குடுக்கறேன். டப்பாக்குள்ள மட்டும் ஒண்ணு விழப்படாது. எவன் போட்டான்னு கண்டுபிடிக்காம வர மாட்டேன்" என்றார் சார்.

மாமி என்னைப் பார்த்தார். நான் டெர்மினலின் கூரை எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி வருவது அவர் திரும்பி வந்து, நின்றுகொண்டே, நாலு பக்கமும் நடந்துகொண்டே எங்களுக்குச் சொன்னது. விமானத்தில் நடு சீட். இரண்டு பக்கத்து ஜன்னலையும் மூடச் சொல்லிவிட்டு, ஸகஸ்ரநாமத்தை ஏழு முறை சொல்லியிருக்கிறார். எட்டாவது ஆரம்பிக்கும்போது பக்கத்து சீட்காரர், "ஐயா, இறங்கி அரை மணி ஆச்சுங்க" என்றாராம்.

துறையூர் வீட்டில் வாங்கிய நம்பருக்கு வரும் தேதியை அனுப்பியிருந்ததால், முருகேசனின் அறைத்தோழர் செல்வம், லால்குடிக்காரர், வந்து அழைத்துப்போனார். ஆறு பேர் தங்கும் அறை. அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் முருகேசன், வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. தலைக்கு மேலே சுவரில், லேமினேஷன் செய்து மாட்டிய எங்கள் கம்பெனி லெட்டர் பேட்.

சாரைக் கண்டதும் முருகேசன் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் கையைக் கூப்பினார். அவர் முதலில் கேட்டது இதுதான்: "சார்... பதவி போயிடுச்சா சார்?"

ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவைப் பார்த்துவிட்டு இறங்கும்போது சறுக்கி விழுந்திருக்கிறார். கால் முறிந்தது, போன் நொறுங்கியது. வீட்டுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள். சாருக்கு ஏன் சொல்லவில்லை?

"கால் எப்படி இருக்குன்னுதானே சார் முதல்ல கேட்டீங்க? அத வச்சுத்தானே வேலை குடுத்தீங்க? கால் போச்சுன்னு தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவீங்கன்னு..." முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இங்க எனக்கு லாரி நம்பர்தான் சார் பேரு. அந்தக் காகிதத்துல மட்டும்தான் திருன்னு போட்டிருக்கு."

சார் அங்கே நடக்கவில்லையாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாராம். உட்கார்ந்தார் என்று கேட்டதுமே ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எறும்புக்குக் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. முருகேசன் படுத்ததும் அறையில் இருந்த ஐந்து பேரும் முறை போட்டு மலைக்குப் போயிருக்கிறார்கள். பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் குறை வந்துவிடக் கூடாதென்று, ஆளாளுக்குக் கொஞ்சம் தட்டையை அடைத்ததில், சம்படம் மூட முடியாமல் திறந்தே கிடந்திருக்கிறது.

மறுநாள் சார் மலை ஏறினார். செல்வம் முன்னால் கையைப் பிடிக்க, இன்னொருவர் பின்னால் முட்டுக்கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிப் பகுதியைத் தவழ்ந்தே கடந்தார்.

"வந்தாச்சு சார். கண்ணைத் திறங்க."

"திறந்துட்டேன்னு வச்சுக்கோப்பா."

"டப்பாவைப் பார்க்க வேணாமா?"

அதற்காகத் திறந்தார். சம்படத்தைத் துடைத்து நோட்டை எடுத்தார். முன்பக்கமிருந்து வெளிநாட்டுக்காரர்களின் பெயர்கள். பின்பக்கம் திருப்பினால், கடைசித் தாளிலிருந்து தலைகீழாக, எல்லாம் தமிழ். இவர்களுக்கு இணையத்தில் கணக்கில்லை, எழுதினால் தப்போ என்று பின்னாலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

'தட்டை சூப்பர். மிளகு தூக்கல். மாமிக்கு வணக்கம்.'

'இன்று தட்டை தீர்ந்துவிட்டது. சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். காற்று நன்றாக இருக்கிறது. செல்வம், லால்குடி.'

'ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம். போக முடியவில்லை. இங்கே வந்தேன்.'

இவற்றுக்கு நடுவே, வாரம் தவறாமல், ஒரே கையெழுத்தில் ஒரே வரி: 'டப்பா நலம். நானும் நலம். முருகேசன், பொறுப்பாளர்.'

இதைச் சொல்லும்போது சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தோம்.

ரூல் என்றால் ரூல்தான், அதில் சார் மாறவில்லை. உச்சியில் இருந்த சம்படத்தைக் கழுவித் துடைத்து, நோட்டும் பென்சிலும் மட்டும் வைத்து மூடி, படம் எடுத்துத் தன்னார்வலருக்கு அனுப்பினார். டப்பா பிழைத்தது. பிறகு சந்தையில் இன்னொரு டப்பா வாங்கி, இறுக்கி மூடுகிற மாதிரியாகப் பார்த்து, அதில் மாமி கொடுத்த தட்டையை நிரப்பி, முப்பது நாற்பது அடி கீழே ஒரு பாறைக்கடியில் வைத்தார். அது எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்த போனிலும் காட்டாது.

"அது விளையாட்டுல சேராதும்மா. அது நம்மாத்து விஷயம்" என்றார்.

கால் தேறும்வரை செல்வம் தற்காலிகப் பொறுப்பாளர். பதவி முருகேசனுடையதே என்று அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கதையை முடித்துவிட்டு அவர் என் மேஜை மேல் ஒரு சம்படத்தை வைத்தார். மாமியுடைய செட்டில் ஐந்தாவது, முன்னொரு தடவை நான் தட்டையோடு அனுப்பியது. கனமாக இருந்தது. திறந்தால் பேரீச்சம்பழம்.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு பசங்க சொல்லிட்டாங்க" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "சார், தட்டையை அனுப்பினது நான்தான். மாமி குடுத்தாங்க, நான் ஆள் பிடிச்சு அனுப்பினேன். உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். தப்புதான் சார்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும். நோட்டுல ஜங்ஷன் டிராவல்ஸ் அக்காவுக்கு நன்றின்னு பதினாலு எடத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனார். வேலைக்கு உலை வைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பிரின்டர் ஓடியது. லெட்டர் பேடில் ஒரு தாளை நீட்டினார். ஹாஜியாரின் முத்திரைகூடத் தயாராக விழுந்திருந்தது. 'இவர் இன்று முதல் திருச்சி கவுன்ட்டரின் தட்டைப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். மஞ்சள் பையை ஒளிக்காமல் வாங்கி, தவறாமல் அனுப்புவது அன்னாரின் கடமை.'

நான் சென்னைக்கு வந்து, வேலை மாறி, பத்திரிகையில் எழுத ஆரம்பித்து வருடங்களாகிவிட்டன. சார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறார், இன்னும் மொட்டை மாடி ஏறவில்லை. முருகேசனின் கால் கூடிவிட்டது. வெள்ளிக்கிழமைப் படம் இப்போது எனக்கும் வருகிறது. மாதம் ஒருமுறை மஞ்சள் பை பஸ்ஸில் சென்னைக்கு வந்து சேர்கிறது. பஹ்ரைன் போகிறவர் எவராவது அகப்படுவாரா என்று நான் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனையோ வேலைகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உச்சி சார் கொடுத்த அந்த ஒரு பதவியை மட்டும் நான் இன்னும் ராஜினாமா செய்யவில்லை.